கர்த்தருடைய வேளைக்குக் காத்திருப்பது எப்படி? வீட்டில் நோயாளி இருப்பவர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

"கர்த்தருடைய வேளை வரும் சிஸ்டர், பொறுத்திருங்க."

2018 ஏப்ரலில் ஒரே வாரத்தில் எத்தனை பேர் இதை என்னிடம் சொன்னார்கள் என்று எண்ணப் பார்த்தேன். கைவிரல் போதவில்லை, விட்டுவிட்டேன். சொன்னவர்கள் எல்லாரும் நல்லவர்கள்தான். சாத்துக்குடியும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு, ஷேர் ஆட்டோவில் நெருக்கியடித்து வந்தவர்கள். ஆனால் பொறுத்திருப்பது என்றால் என்ன செய்வது என்று ஒருவரும் சொல்லவில்லை. காலையில் எழுந்து பல் விளக்கியாச்சு. அப்புறம்?

அந்த "அப்புறம்" என்ற கேள்விக்குத்தான் இந்த வழிகாட்டி. நான் பாஸ்டர் இல்லை, வேத பண்டிதையும் இல்லை. காசிமேட்டில் ஒரு விசைப்படகு டிரைவரின் மனைவி. 2018-இல் அவர் பக்கவாதத்தில் விழுந்தார். அதற்குப் பிறகு எங்கள் சபையில் வியாதியஸ்தரைச் சந்திக்கப் போகும் குழுவில் இருக்கிறேன். ராயபுரம், தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை என்று பல வீடுகளின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து பார்த்ததையும், என் வீட்டில் பட்டதையும் சேர்த்து எழுதுகிறேன்.

முதல் படி: ஆஸ்பத்திரி நேரத்தை ஆண்டவர் நேரத்தோடு குழப்பாதீர்கள்

இதைத்தான் நீளமாகச் சொல்லப் போகிறேன். மற்றதெல்லாம் மறந்தாலும் இது நினைவிருக்கட்டும்.

மீன்பிடித் தடைக்காலம் தொடங்கி மூன்றாம் நாள் இரவு, ஒன்பதரை மணி இருக்கும். சாப்பிட உட்கார்ந்த என் வீட்டுக்காரரின் இடது கையிலிருந்து டம்ளர் நழுவியது. ஏதோ சொன்னார், நாக்கு குழறியது. வாய் ஒரு பக்கமாகக் கோணியிருந்ததை மகள்தான் முதலில் பார்த்தாள். பக்கத்து வீட்டு ஆயா "வாயுதாம்மா, சுக்குத்தண்ணி குடு" என்றார். நான் ஜெப எண்ணெயை எடுத்து நெற்றியில் பூசினேன். சபையில் நாலு பேருக்கு போன் போட்டேன். விடிய விடிய ஜெபித்தோம். காலை ஆறரைக்குத்தான் ஆட்டோவில் ஏற்றினோம்.

"எத்தனை மணிக்கு ஆரம்பிச்சது?" என்பதுதான் ஆஸ்பத்திரியில் அந்தச் சின்ன வயசு டாக்டர் கேட்ட முதல் கேள்வி. சொன்னேன். எழுதிக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டு என்னை ஒருமுறை பார்த்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு வந்தால், அந்தக் கட்டியைக் கரைக்க ஓர் ஊசி உண்டு. அறிகுறி தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதற்கும் முன்னால் சி.டி. ஸ்கேன் எடுத்து, அது அடைப்பா ரத்தக்கசிவா என்று பார்க்க வேண்டும். ஆகவே கையில் இருக்கும் நேரம் இன்னும் குறைவு. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஒன்பது மணி நேரம் கழிந்திருந்தது.

அந்த ஒன்பது மணி நேரத்தைப் பல வருஷம் "தேவ சித்தம்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அப்படிச் சொன்னால் வலி குறைந்தது. பிறகு ஒரு நாள் தோன்றியது: நான் செய்த தாமதத்தை ஏன் அவர் கணக்கில் எழுதுகிறேன்?

எனவே, வாய் கோணினாலோ, ஒரு பக்கக் கையோ காலோ துவண்டாலோ, பேச்சு குழறினாலோ, உடனே 108. நெஞ்சு வலிக்கும் அப்படித்தான். கடைசியாக அவர் நன்றாக இருந்தது எத்தனை மணிக்கு என்று குறித்துக்கொள்ளுங்கள். வாயில் தண்ணீரோ கஷாயமோ ஊற்றாதீர்கள், விழுங்க முடியாமல் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். ஜெபம் தாராளமாகச் செய்யலாம், ஆம்புலன்ஸுக்குள் உட்கார்ந்து.

இது அவிசுவாசம் என்று யாராவது சொன்னால் ஏசாயா 38-ஐத் திறந்து காட்டுங்கள். எசேக்கியா ராஜா அழுது ஜெபித்தார், 15 வருஷம் ஆயுசு கூட்டிக் கொடுக்கப்பட்டது. அதே அதிகாரத்தில், அத்திப்பழத்து அடையைப் பிளவையின் மேல் பற்றுப்போடச் சொன்னதும் இருக்கிறது. வாக்குத்தத்தமும் மருந்தும் ஒரே பக்கத்தில்.

மாத்திரையை நிறுத்துவதும் இதே கதைதான். டி.பி. மருந்தை வழக்கமாக ஆறு மாதம் விடாமல் சாப்பிட வேண்டும். இரண்டாம் மாதத்தில் இருமல் நின்றதும் "கர்த்தர் சுகம் குடுத்துட்டார்" என்று நிறுத்திவிட்டு, மருந்துக்கு அடங்காத கிருமியோடு திரும்பி வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். சுகம் கிடைத்தது உண்மையானால் அது பரிசோதனையிலும் தெரியும். டாக்டர் சொல்லட்டும், அப்புறம் சாட்சி சொல்லுங்கள்.

இரண்டாம் படி: ஒரு நோட்டு, மூன்று பத்தி

40 பக்க நோட்டு போதும். பக்கத்தை மூன்றாகக் கோடு போட்டுப் பிரியுங்கள். தினமும் இரவு படுக்கும் முன் எழுதுங்கள்.

முதல் பத்தியில், நாளைக்கு என் கையில் இருக்கும் வேலைகள். இரண்டாவதில், இன்னொரு மனுஷர் கையில் இருப்பவை. மூன்றாவதில், எந்த மனுஷர் கையிலும் இல்லாதவை.

ஏன் இப்படி? கவலை வரும்போது மூன்றும் ஒரே மூட்டையாக வருகிறது. "இவர் எப்போ நடப்பார், ஸ்கேன் ரிப்போர்ட் எப்போ வரும், பால் வாங்கலையே" எல்லாம் சேர்ந்து ஒரே கனம். பிரித்துப் போட்டால்தான் எதற்கு உழைக்க வேண்டும், எதற்கு அலைய வேண்டும், எதற்கு முழங்கால் போட வேண்டும் என்று தெரிகிறது.

என் நோட்டில் ஒரு நாள் இப்படி இருந்தது. முதல் பத்தி: பி.பி. மாத்திரை வாங்கணும், இடது கைக்குப் பயிற்சி மூணு வேளை, மகளுக்கு ஸ்கூல் பீஸ் பற்றி டீச்சரிடம் பேசணும். இரண்டாம் பத்தி: காப்பீட்டு அட்டை, படகு ஓனர் தர வேண்டிய பாக்கி. மூன்றாம் பத்தி: இந்தக் கை திரும்புமா?

இரண்டாம் பத்தி விஷயத்தில் நம் ஜனங்கள் ரொம்ப சாதுவாக இருக்கிறார்கள். "கர்த்தர் பார்த்துப்பார்" என்று அங்கேயும் உட்கார்ந்துவிடுகிறார்கள். அங்கே உட்காரக் கூடாது, அலைய வேண்டும். லூக்கா 18-இல் அந்த விதவை அநீதியுள்ள நியாயாதிபதியின் வாசலுக்குத் திரும்பத் திரும்பப் போனாள். நீங்களும் போங்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், பட்டியலில் உள்ள சிகிச்சைகளுக்குக் குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். வருமானச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். ரேஷன் கார்டு, ஆதார் எல்லாவற்றிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று முதலிலேயே பாருங்கள். ஓர் எழுத்து மாறியதற்காக நான் மூன்று நடை நடந்தேன். சந்தேகம் இருந்தால் 104 என்ற மருத்துவ உதவி எண்ணுக்குப் போன் செய்யுங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பி.பி., சுகர் மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிறார்கள். படுக்கையில் இருப்பவருக்கு வீட்டிலேயே பிசியோதெரபியும் உண்டு. உங்கள் பகுதி நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள்.

மூன்றாம் பத்திக்கு வேலையும் இல்லை, அலைச்சலும் இல்லை. அதன் மேல் கையை வைத்து, "என் காலங்கள் உமது கரத்திலிருக்கிறது" என்ற 31-ஆம் சங்கீதத்து வரியை ஒருமுறை சொல்லிவிட்டு நோட்டை மூடிவிடுவேன். சில நாள் மூடினதும் தூக்கம் வந்தது. சில நாள் வரவில்லை.

மூன்றாம் படி: வாயை அடக்காமல் ஜெபியுங்கள்

எங்கள் பக்கத்தில் ஜெபம் என்றால் குரலே மாறிவிடும். வீட்டில் "இன்னாமே" என்று பேசுகிறவர்கூட ஜெபத்தில் "கிருபையாய் இரங்குவீராக" என்பார். அழகுதான். ஆனால் உள்ளே கொதிக்கும்போது அந்த அழகு பொய்யாகிவிடுகிறது.

13-ஆம் சங்கீதத்தைப் பாருங்கள். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?" என்று தொடங்குகிறது. முதல் இரண்டு வசனத்துக்குள் நான்கு தடவை "எதுவரைக்கும்". 88-ஆம் சங்கீதம் இன்னும் மோசம், கடைசி வரை வெளிச்சமே வராமல் இருட்டில் முடிகிறது. அதையும் வேதத்தில் வைத்திருக்கிறார்கள், வெட்டியெறியவில்லை. மார்த்தாளும் "வாங்க ஆண்டவரே" என்று ஆரம்பிக்கவில்லை. "நீர் இங்கேயிருந்தீரானால் என் சகோதரன் மரிக்கமாட்டான்" என்றாள். லாசரு வியாதிப்பட்டதைக் கேட்ட பிறகும் இயேசு இரண்டு நாள் இருந்த இடத்திலேயே இருந்தார் என்பது யோவான் 11-இல் வெளிப்படையாகவே எழுதியிருக்கிறது. அவள் கோபத்துக்கு நியாயம் இருந்தது.

எனக்கு ரொம்ப நெருக்கமானது மாற்கு 5-ஆம் அதிகாரம். யவீருவின் மகளுக்கு 12 வயசு, சாகக் கிடக்கிறாள். இயேசு கிளம்பியும் விட்டார். வழியில் 12 வருஷமாக உதிரப்போக்கில் கிடந்த ஒரு பெண் அவர் வஸ்திரத்தைத் தொட, அங்கே நின்றுவிடுகிறார். "என்னைத் தொட்டது யார்" என்று கேட்டுக்கொண்டு நிற்கிறார். யவீருவின் நிலையில் நின்று பாருங்கள்! ஆம்புலன்ஸில் பிள்ளை கிடக்கும்போது டிரைவர் இறங்கி இன்னொருவரிடம் நலம் விசாரித்தால் எப்படி இருக்கும்? அந்த நேரத்தில் வீட்டிலிருந்து ஆள் வந்து, "உம்முடைய குமாரத்தி மரித்துப்போனாள்" என்கிறான். பிள்ளை பிழைத்தது பிற்பாடு. ஆனால் அந்த வழிநடுவில் யவீரு என்ன நினைத்தான் என்று மாற்கு எழுதவில்லை. நான் அந்த எழுதாத இடத்தில்தான் பல மாதம் இருந்தேன்.

செய்முறை இதுதான். மொட்டை மாடிக்கோ, கடற்கரைக் கல்லுக்கோ போங்கள். பத்து நிமிஷம். சத்தமாக, வீட்டில் பேசுகிற பாஷையில். கோபமிருந்தால் கோபத்தைச் சொல்லுங்கள். கடைசியில் "ஆமென்" சொல்லத் தோன்றாவிட்டால் சொல்லாமலே இறங்கி வாருங்கள், நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம்.

அந்தப் பத்து நிமிஷத்தில் "நானும் போயிட்டா நல்லாயிருக்கும்" என்ற நினைப்பு திரும்பத் திரும்ப வந்தால், அதை ஜெபத்தோடு விட்டுவிடாதீர்கள். 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், இலவசம், தமிழிலேயே பேசலாம். நான் 104-க்குப் பேசினேன். அந்தப் பெண் என்னிடம் கேட்டது "சாப்பிட்டீங்களாம்மா?" என்றுதான். சாப்பிட்டிருக்கவில்லை.

நான்காம் படி: வாக்குத்தத்த அட்டையை ஜாதகமாக்காதீர்கள்

புது வருஷ ஆராதனையில் ஆளுக்கோர் அட்டை எடுப்போம். அந்த வருஷம் எனக்கு ஏசாயா 60:22 வந்தது: "கர்த்தராகிய நான் ஏற்றகாலத்தில் இதைத் தீவிரமாய் நடப்பிப்பேன்." பீரோ கண்ணாடியில் ஒட்டினேன். ஏப்ரலில் அதைக் கிழித்தேன். ஜூலையில் டேப் போட்டு ஒட்டினேன். தப்பு அட்டையில் இல்லை. எருசலேமுக்குச் சொன்ன வார்த்தையை நான் தேதி குறித்த ரசீதாக நினைத்துக்கொண்டேன். வசனத்தை வைத்துக்கொள்ளுங்கள், அதற்குப் பக்கத்தில் தேதி எழுதாதீர்கள். சாட்சி நேரத்தில் "நாற்பது நாள் உபவாசம், நாற்பத்தோராம் நாள் நடந்தார்" என்று கேட்டால் சந்தோஷப்படுங்கள். உங்கள் வீட்டுக் காலண்டரை அதோடு ஒப்பிட வேண்டாம்.

ஐந்தாம் படி: ஒரு நாளைக்குரிய மன்னா

வனாந்தரத்தில் மன்னாவை அன்றன்றைக்குத்தான் பொறுக்க முடிந்தது. மீதி வைத்தது புழுத்துப்போயிற்று. நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் வீட்டில் பெலனும் அப்படித்தான்.

முதலில் நோயாளிக்கு. தானாகப் புரள முடியாதவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வையுங்கள், இல்லாவிட்டால் படுக்கைப் புண் வரும். ஊட்டும்போது நிமிர்த்தி உட்கார வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக. பயிற்சியை வேளைக்கு இத்தனை தடவை என்று எண்ணிச் செய்யுங்கள். இவருக்கு நான் 'பரமண்டல ஜெபம்' ஒருமுறை சொல்லி முடியும் வரை கையை நீட்டிப் பிடிப்பேன். ஆண்டவர் கோபித்துக்கொள்ளமாட்டார் என்று நம்புகிறேன்.

அடுத்து பார்த்துக்கொள்கிறவருக்கு. எலியா சூரைச்செடியின் கீழ் படுத்து "போதும் கர்த்தாவே" என்றபோது அவருக்குப் பிரசங்கம் நடக்கவில்லை. தூங்கவிட்டார்கள். தட்டி எழுப்பி அடையும் தண்ணீரும் கொடுத்தார்கள். மறுபடி தூங்கவிட்டார்கள், மறுபடி சாப்பாடு. ஸ்டான்லி ஆஸ்பத்திரியை எங்கள் பெரியவர்கள் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்பார்கள். 1782 பஞ்சத்தில் மணியக்காரர் சத்திரமாக ஜனங்களுக்குக் கஞ்சி ஊற்றிய இடத்திலிருந்து வந்த பெயர் அது. முதலில் கஞ்சி, வைத்தியம் அதற்கப்புறம். வரிசை சரியாகத்தான் இருக்கிறது.

உதவி கேட்கவும் ஒரு முறை உண்டு. "ஏதாவது வேணும்னா சொல்லுங்க அக்கா" என்பவர்களிடம் "பரவாயில்லை" என்று சொல்லிச் சொல்லி நான் ஏழு கிலோ இளைத்தேன். இப்போது சொல்லிக்கொடுக்கிறேன்: "செவ்வாய்க்கிழமை மத்தியானம் ரெண்டு மணி நேரம் வந்து இவர் பக்கத்துல உட்காருங்க, நான் தூங்கணும்." நாளும் நேரமும் சொன்னால் வருவார்கள். மோசேயின் கைகளை ஆரோனும், ஊர் என்ற பெயருள்ளவனும் இரண்டு பக்கமும் நின்று தாங்கினார்கள். அவன் உட்கார ஒரு கல்லையும் கொண்டுவந்து போட்டார்கள். கல் கொண்டுவருகிறவர்கள் சபைக்கு நிறைய வேண்டும்.

ஆறாம் படி: சின்ன இடைஞ்சல்களுக்கு உரை எழுதாதீர்கள்

கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் நின்றவர்களுக்குத் தெரியும். சரக்கு ரயில் போகும், திறப்பான் என்று வண்டியை ஸ்டார்ட் பண்ணினால் எதிர்ப்பக்கம் இன்னொன்று வரும். பிசியோதெரபிக்குப் போகும் வழியில் இரண்டு தடவை அப்படி நேரம் தவறியிருக்கிறது. கூட வந்த சிஸ்டர், "ஏதோ ஆபத்துலருந்து கர்த்தர் காப்பாத்துறார்" என்றார். இருக்கலாம். ஆனால் கேட் மூடுவதற்கு முன் கடந்து போனவர்களை அவர் காப்பாற்றவில்லையா? தண்ணி லாரி வராததற்கும் கரண்ட் போனதற்கும் ஒரு ரகசியக் காரணம் தேடினால் மனசு ஓய்ந்துபோகும். கேட்டில் நின்றால் நிற்கலாம், அவ்வளவுதான். இவருக்குத் துடைக்கும் துண்டும் ஒரு பாட்டில் தண்ணீரும் அன்றிலிருந்து பையில் வைத்துக்கொள்கிறேன்.

ஏழாம் படி: குணமாகாவிட்டால் என்ன செய்வது என்று இப்போதே பேசிக்கொள்ளுங்கள்

தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். மீன் இனப்பெருக்கம் செய்யும் காலம் என்பதால் விசைப்படகுகள் கரையில் நிற்கும். அந்த நாட்களில் துறைமுகத்துக்குப் போனால் யாரும் சும்மா இருப்பதைப் பார்க்க முடியாது. படகுக்குப் பெயின்ட், இன்ஜின் வேலை, கிழிந்த வலைக்குத் தையல். காத்திருப்புக்கு இதைத்தான் பாஸ்டர்கள் உதாரணமாகச் சொல்வார்கள், நானும் சொல்லியிருக்கிறேன். ஆனால் இந்த உதாரணம் ஓர் இடத்தில் நொண்டும். தடைக்காலத்துக்குக் கடைசித் தேதி உண்டு. வியாதிக்கு யாரும் தேதி அறிவிப்பதில்லை. சிலருக்குப் படகு திரும்ப இறங்குவதே இல்லை.

பவுல் தன் மாம்சத்தில் குத்திய முள்ளை எடுக்கச் சொல்லி மூன்று முறை வேண்டினார். கிடைத்த பதில் "என் கிருபை உனக்குப்போதும்". முள் இருந்தது. எத்தனையோ பேரைச் சுகமாக்கிய அதே பவுல், துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதியோடு விட்டுவந்ததாகத் தீமோத்தேயுவுக்கு எழுதுகிறார், ஒரே வரியில், காரணம் எதுவும் சொல்லாமல். அந்த வரியை என்னிடம் யாராவது முன்னாலேயே காட்டியிருந்தால், "உங்க விசுவாசம் குறைவு" என்று சொன்னவரிடம் நான் அவ்வளவு அழுதிருக்கமாட்டேன்.

ஆகவே வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள். இவர் பழைய வேலைக்குத் திரும்பாவிட்டால் வருமானத்துக்கு என்ன வழி? பேங்க் கணக்கில் நாமினி யார்? கடைசிக் காலம் என்றால் அவர் எங்கே இருக்க விரும்புகிறார், ஆஸ்பத்திரியிலா வீட்டிலா? இதைப் பேசினால் சாவை அழைத்ததாக ஆகாது. நாங்கள் எட்டு மாதம் கழித்துத்தான் பேசினோம். பேசின அன்று இரவுதான் இவர் முதல் தடவையாகச் சிரித்தார், நாமினி பெயரில் அவர் அம்மா பெயரே இன்னும் இருந்ததைப் பார்த்து.

கடைசியாக, நோயாளி வீட்டுக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. யோபின் சிநேகிதர்கள் ஏழு நாள் வாய் திறக்காமல் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை அவர்கள்மேல் ஒரு குறையும் இல்லை.

இவர் இப்போது கோல் ஊன்றி நடக்கிறார். இடது கை திரும்பவில்லை. படகு ஓட்ட முடியாது. ஆனால் வலை தைக்கிறவர்கள் வலையைக் காலின் கட்டைவிரலில் மாட்டி இழுத்துப் பிடிப்பார்கள் அல்லவா, அது இவருக்கு வசதியாகப் போயிற்று. கட்டைவிரலில் வலை, வலது கையில் ஊசி, முடிச்சை இறுக்கப் பல். மற்றவர்கள் முடிப்பதில் பாதி வேகம்தான். போன ஜூன் 14 சாயங்காலம், நள்ளிரவில் கிளம்பப் போகிற படகுகளில் ஐஸ் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். டீ கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக் கீழே வைத்துவிட்டு, யாரோ தைத்த ஒரு பக்கத்தைத் தூக்கிக் காட்டினார்.

"இந்த முடிச்சை எவன் போட்டான், பாரு! மீனு சிரிச்சிக்கினே போயிடும்."

டீ ஆறும் வரை அதைப் பிரித்துத் தைத்துக்கொண்டிருந்தார்.